மழைச் சாலையில் டயர்: பட்டன், காற்று, வேகம்

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது என்றதும் வைப்பர் பிளேடை மாற்றுகிறோம், பேட்டரியைப் பார்க்கிறோம், ஹெட்லைட்டைத் துடைக்கிறோம். டயரை மட்டும் காலால் ஒரு தட்டு தட்டி, "இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கணிப்பு வெயில் காலத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. காய்ந்த தார்ச்சாலையில் பட்டன், அதாவது டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர், தேய்ந்த டயர் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்களின் உலர்சாலை டயர்களில் பள்ளமே கிடையாது. முழு ரப்பரும் தரையில் படுவதால் பிடிப்பு அதிகம். எட்டு மாதம் வெயிலில் ஓட்டி, வளைவிலும் பிரேக்கிலும் எந்தக் குறையும் காணாத ஒருவர், அந்த நம்பிக்கையோடு முதல் மழையில் அதே 90 கி.மீ. வேகத்தில் போகிறார். மழையில் அந்த டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காய்ந்த சாலை அவருக்கு ஒருபோதும் சொல்லியிருக்காது. ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதை அளப்பது, ஏன் அளப்பது என்பது விளங்க, டயர் தரையில் படும் இடத்திலிருந்து தொடங்கலாம்.

நான்கு பேர் அமர்ந்த ஒரு சிறிய ஹேட்ச்பேக் கார் சுமார் 1,200 கிலோ இருக்கும். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. 32 பி.எஸ்.ஐ. காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ அழுத்தம். 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் ஒரு டயர் தரையில் படும் பரப்பு 133 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்துப் பதித்த ஒரு கை அளவு. காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் வளைவில் சாலையோடு வைத்திருப்பதும் இப்படி நான்கு கையளவு ரப்பர்தான்.

அந்த ரப்பர் தரையை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, ரப்பர் கல்லின் மேற்பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, தாரில் பதிந்த ஜல்லியின் மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி, பழைய வடிவத்துக்குச் சற்றுத் தாமதமாகத் திரும்புவது. அந்தத் தாமதத்தில்தான் பிடிப்பு பிறக்கிறது. நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் வந்தாலே முதல் வகைப் பிடிப்பு பெரும்பகுதி போய்விடும். மழையில் நாம் நம்பியிருப்பது இரண்டாவதை. அது கிடைக்க வேண்டுமானால் ரப்பர் ஜல்லியைத் தொட வேண்டும். ரப்பருக்கும் ஜல்லிக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் முதலில் விலக வேண்டும்.

விலகுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? தரையில் படும் பகுதியின் நீளம் சுமார் 13 செ.மீ. 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. டயரின் ஒரு புள்ளி தரையோடு இருப்பது நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்குதான். அதற்குள் மூன்று வேலை நடந்தாக வேண்டும். படும் பகுதியின் முன்விளிம்பு, தேங்கிய நீரைப் பள்ளங்கள் வழியே பின்னுக்கும் பக்கவாட்டுக்கும் தள்ளுகிறது. நடுப்பகுதியில், பட்டன்களின் மேல் கத்தியால் கீறியது போல இருக்கும் மெல்லிய வெட்டுகள் மிச்சமிருக்கும் படலத்தை வழித்தெடுக்கின்றன. இவை இரண்டும் முடிந்த பிறகு, பின்பகுதிதான் உண்மையில் சாலையைக் கடிக்கிறது. வேகம் கூடக்கூட முதல் இரண்டு பகுதிகள் நீண்டு, கடிக்கும் பகுதி சுருங்கும். அது பூஜ்யமானால் கார் நீரின் மேல் மிதக்கிறது. ஆங்கிலத்தில் ஹைட்ரோபிளேனிங் என்றும் அக்வாபிளேனிங் என்றும் சொல்வது இதைத்தான்.

தள்ள வேண்டிய நீரின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 185 மி.மீ. அகல டயர், 3 மி.மீ. தேங்கிய நீர், 80 கி.மீ. வேகம்: மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 12 லிட்டர். ஒவ்வொரு முன்சக்கரமும் ஒவ்வொரு நொடியும் ஒரு வாளித் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. 100 கி.மீ. வேகத்தில் இது 15 லிட்டரைத் தாண்டும். கிடைக்கும் நேரமோ இன்னும் குறையும்.

காற்று குறைந்தால் பிடிப்பு கூடுமா?

மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் டயர் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மணலிலும் சேற்றிலும் அது உதவும். அங்கே புதையாமல் இருக்க அகலமாகப் படிய வேண்டும். நனைந்த தார்ச்சாலையில் இது நேர் எதிராக வேலை செய்யும், ஆபத்தான பழக்கம்.

அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்னும் ராபர்ட் ட்ரெஹரும் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து 1963-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. கி.மீ. கணக்கில் சொன்னால், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ.க்கு 94 கி.மீ. 24 பி.எஸ்.ஐ.க்கு 82. 20-க்கு இறங்கினால் 75. பள்ளங்கள் நிரம்பி வழியும் அளவுக்கு நீர் இருக்கும் நிலைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். புதுப் பட்டனும் மெல்லிய நீரும் என்றால் வேகம் இதைவிட அதிகமாக இருந்தாலும் டயர் தாங்கும். பட்டன் தேய்ந்த டயருக்கு மிகக் குறைந்த நீரே பள்ளத்தை நிரப்பிவிடும் என்பதால் அது இந்த எல்லைக்கு மிக எளிதில் வந்துவிடும். முழுதாக மிதப்பதற்கு முன்பே பிடிப்பு படிப்படியாகக் குறையும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

காரணம் எளிது. நீர் டயரை மேலே தள்ளுகிறது, உள்ளே இருக்கும் காற்று அதை எதிர்த்துக் கீழே அழுத்துகிறது. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, அந்தக் குழிவில் நீர் சிக்கும். இரு ஓரங்கள் மட்டும் எடையைத் தாங்கும். காற்று மிக அதிகமானாலும் நல்லதில்லை. மிதக்கும் வேகம் சற்று உயர்ந்தாலும் நடுப்பகுதி மட்டும் பட்டு, பிரேக் தூரம் கூடும், நடுப்பட்டன் சீக்கிரம் தேயும்.

லாரியைப் பார்த்து ஏமாறுவதும் இங்கே சொல்ல வேண்டியது. சுமை ஏற்றிய லாரியின் டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று இருக்கும். அது தேங்கிய நீரில் 80 கி.மீ. வேகத்தில் அசையாமல் போகிறது என்பதால் பின்னால் வரும் கார் அதே வேகத்தில் போகலாம் என்று பொருளில்லை.

காற்று பிடிக்க வேண்டிய அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம்; அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி நின்று மூன்று மணி நேரம் கழித்தோ, ஓரிரண்டு கிலோமீட்டருக்குள்ளோ அளக்க வேண்டும். எந்தப் பழுதும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று கசியும். 35 டிகிரி வெயிலில் சரியாகப் பிடித்த காற்று, மழை பிடித்து 23 டிகிரிக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. குறைந்து காட்டும். ஆகஸ்டில் கடைசியாகக் காற்று பிடித்தவர் நவம்பர் மழையில் 27, 28-ல் ஓட்டிக்கொண்டிருப்பார். ஸ்டியரிங்கில் எந்த வித்தியாசமும் தெரியாது. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். நைட்ரஜன் பிடித்தால் மழையில் நன்றாக இருக்கும் என்பதில் எதுவுமில்லை; சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் சரியாக இருந்தால் போதும்.

1.6 மி.மீ. என்பது மழைக்கான அளவு இல்லை

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 7 முதல் 8 மி.மீ. சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். அதைக் காட்டுவதற்காகவே பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும் இடத்திலிருந்து நேராக மேலே பார்த்தால் அந்த மேடு தெரியும். பட்டன் தேய்ந்து மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

8 மி.மீ. டயர் 1.6-க்கு வந்துவிட்டால், நீரை ஏற்கும் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மெல்லிய வெட்டுகள் பல டயர்களில் பெரிய பள்ளங்களைவிட ஆழம் குறைந்தவை. பள்ளம் இன்னும் 3 மி.மீ. இருக்கும்போதே அவற்றில் சில மறைந்துபோகும். படலத்தை வழிக்கும் வேலை அப்போதே நின்றுவிடுகிறது. மழை மாதங்களில் நெடுஞ்சாலையில் ஓடும் கார் என்றால் 3 மி.மீ.யை எல்லையாக வைத்துக்கொள்வதே சரி. ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் பால் வாங்கப் போகும் காருக்கு 2 மி.மீ. பெரிய தீங்கு செய்யாது. சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவில் அடைமழையில் போகும் காருக்கு அது போதாது.

அளக்க ஒரு சிறிய ஆழமானி வாங்கிக்கொள்ளலாம், விலை குறைவுதான். இல்லையென்றால், நுனியிலேயே பூஜ்யம் தொடங்கும் இரும்பு ஸ்கேல் போதும். பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன் சில மி.மீ. இடம் விட்டிருப்பார்கள், தவறான அளவு வரும். ரப்பர் மேடு இல்லாத இடத்தில், பள்ளத்துக்குள் நேராக வைத்துப் பாருங்கள். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என ஒரு டயருக்கு மூன்று இடம். உள்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். வீல் அலைன்மென்ட் கெட்ட காரில் வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் புதிது போலத் தெரியும், உள்ஓரம் மொட்டையாகியிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்தினால்தான் அது கண்ணில் படும். மழைக்குத் தகுதி சொல்லும் அளவு அந்த மூன்றில் குறைந்ததுதான்.

தேய்ந்த கார் டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி, புதிது போல விற்பதும் நடக்கிறது. லாரி, பஸ் டயர்களில் சிலவற்றை அப்படி வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்கிறார்கள். பக்கவாட்டில் அதற்கான குறிப்பும் இருக்கும். கார் டயரில் அந்த ரப்பர் கிடையாது. வெட்டு எஃகுக் கம்பிப் பட்டைக்கு வெகு அருகே போய்விடும். நீர் இறங்கித் துருப்பிடித்து, வேகத்தில் பட்டையே பிரிந்து வரலாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்டயர்தான் சீக்கிரம் தேய்கிறது, ஆகவே அது இயல்பாகத் தோன்றும் முடிவு. ஆனால் புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்சக்கரம் பிடிப்பை இழந்தால் கார் திரும்பாமல் நேராகப் போகும். காலை எடுத்து வேகம் குறைந்ததும் பிடிப்பு திரும்பிவிடும். டிரைவருக்கு ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும். பின்சக்கரம் இழந்தால் வண்டியின் வால் வெளியே வீசும். அதைக் கையில் உணர்வதற்குள் கார் பாதி சுற்றியிருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பது அந்த நேரத்தில் இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் எடை முன்னுக்குச் சாய்ந்து பின்சக்கரம் மேலும் லேசாகிவிடும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுவந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும். இந்தக் கேள்வியே வராது.

பஞ்சர் ஒட்டியபின் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அவற்றின் 'வி' வடிவப் பள்ளங்கள் நீரை நடுவிலிருந்து வெளியே தள்ளுவதற்காக அமைந்தவை. இடம் மாற்றி, அம்பு பின்னோக்கி இருக்கும்படி மாட்டிவிட்டால் நீர் வெளியேறுவது கெடும். வேறு சில டயர்களில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும். அவசரத்தில் இவை மாறிப்போவது அரிதில்லை.

ரப்பரும் வயதும் அகலமும்

பட்டன் முழுதாக இருந்தும் மழையில் வழுக்கும் டயர்கள் உண்டு. ஆண்டுக்கு நாலாயிரம் கி.மீ. மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும் கார்களில் இதைப் பார்க்கலாம். வெப்பத்திலும் ஆக்சிஜனிலும் ரப்பர் இறுகிப்போகிறது. இறுகிய ரப்பர் ஜல்லியின் மேடு பள்ளத்துக்குள் அமுங்காது. மழையில் நமக்கு மிஞ்சியிருக்கும் அந்த இரண்டாவது வகைப் பிடிப்பும் போய்விடுகிறது. பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம். ஐந்து, ஆறு ஆண்டு கடந்த டயரை நகத்தால் அழுத்தி, பள்ளங்களின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள்.

நீண்ட நாள் உழைக்கும் டயர் மழையிலும் சிறந்ததாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தேய்மானம், எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் கரிப்பொடிக்குப் பதிலாகச் சிலிக்காவைப் பெருமளவில் கலந்து டயர் கொண்டுவந்தபோதுதான் எரிபொருளை விழுங்கும் உருளும் தடையைக் குறைத்தும் ஈரப்பிடிப்பைக் காக்கும் வழி பரவலானது. ஐரோப்பாவில் விற்கும் டயரில் ஈரப்பிடிப்புக்குத் தனி மதிப்பெண் ஒட்டியிருக்கும். 2021-லிருந்து ஏ முதல் இ வரை ஐந்து படி. இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 142 என்ற வாகனத் துறைத் தரம் ஈரப்பிடிப்பு, உருளும் தடை, ஒலி ஆகியவற்றுக்கு எல்லை வகுக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு 2022-ல் வந்தது. அது குறைந்தபட்ச எல்லைதான். இரண்டு டயர்களுக்கு நடுவே தேர்வு செய்யும்போது எத்தனை கி.மீ. உழைக்கும் என்று மட்டும் கேட்காமல், ஈரத்தில் எப்படி என்றும் கேட்க வேண்டும்.

அழகுக்காக அகல டயர் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். 165-க்குப் பதில் 205 போட்டால் காய்ந்த வளைவில் பிடிப்பு கூடும். ஆனால் தள்ள வேண்டிய நீர் கால் பங்கு கூடுகிறது. படும் பகுதி அகலமாகி நீளம் குறைவதால் நீர் வெளியேற நேரமும் குறைகிறது.

சாலை என்ன செய்கிறது

நல்ல டயரும் சாலையை மீறி எதுவும் செய்ய முடியாது. மாதக்கணக்கில் காய்ந்த சாலையில் எண்ணெய்த் துளி, டயர்த்தூள், மண் எல்லாம் படிந்திருக்கும். முதல் பதினைந்து, இருபது நிமிடத் தூறலில் அது வழவழப்பான குழம்பாகும். அடைமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே லேசான முதல் தூறலே பல இடங்களில் அதிகம் வழுக்கும். இதற்குத் தேங்கிய நீரோ அதிக வேகமோ தேவையில்லை. வெள்ளைக் கோடுகள், வரிக்குதிரைக் கடவை, மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகள், லட்சக்கணக்கான சக்கரங்கள் ஓடி ஜல்லி மழுங்கிய சிக்னல் முனைகள், இவற்றின் மேல் பிரேக் போடுவதைத் தவிர்க்க வேண்டும். கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் உருண்டு போகவிடுவது நல்லது.

நீர் வடிவதற்காகச் சாலையை 2 முதல் 2.5 சதவீதம் சரிவாகப் போடுகிறார்கள். நான்குவழிச் சாலையில் வளைவு வரும்போது ஒரு பக்கப் பாதையின் சரிவு நடுத்தடுப்பை நோக்கி மாறும். அங்கே வடிகால் துளை மண்ணால் அடைத்திருந்தால் வேகமாகப் போகும் வலதுபாதையில்தான் நீர் தேங்கும். வலதுசக்கரங்கள் மட்டும் அதில் இறங்கும்போது நீரின் தடை அந்தப் பக்கம் காரை இழுக்கும். தடுப்பை நோக்கித் திரும்பும். இடதுபாதையிலோ கனரக லாரிகள் ஓடி அமுங்கிய இரண்டு தடங்களில் நீர் நிற்கும். லேசான மழையில் முன்வண்டியின் சக்கரத்தடத்தில் போனால் நீர் குறைவாக இருக்கும் என்பது உண்மை. தடமே பள்ளமாகிவிட்ட சாலையில் அதற்குச் சற்றே விலகி, மேட்டில் சக்கரம் படும்படி ஓட்ட வேண்டும்.

பிரேக்குக்கான கணக்கு இது. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண், அதாவது பிடிப்பின் அளவு, சுமார் 0.8, நல்ல டயரோடு நனைந்த சாலையில் 0.5, தேய்ந்த டயரும் தேங்கிய நீரும் சேர்ந்தால் 0.35-க்குக் கீழும் போகும். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்த பிறகு நிற்க முறையே 31, 50, 72 மீட்டர் வேண்டும். மிதிப்பதற்கு முன் யோசிக்கும் ஒரு நொடியில் போகும் 22 மீட்டரை இதோடு கூட்டுங்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், திருப்ப வழி தரும்; இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

வளைவில் கணக்கு இன்னும் கடுமை. 100 மீட்டர் ஆரமுள்ள, சாய்வு தராத வளைவை 60 கி.மீ. வேகத்தில் எடுக்க 0.28 பிடிப்பு தேவை. 80 கி.மீ. என்றால் 0.5. அதாவது நல்ல டயர் ஈரத்தில் தரக்கூடிய மொத்தமும் திரும்புவதற்கே செலவாகிறது. பிரேக்குக்கு மிச்சம் ஏதுமில்லை. வளைவின் நடுவில் பயந்து பிரேக் மிதித்ததும் கார் வெளியே போவது இதனால்தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வேகம் குறைவு என்றாலும் ஆரமும் மிகச் சிறியது. இறக்கத்தில் எடை முன்னே சாய்வதால் பின்சக்கரம் லேசாக இருக்கும். வளைவுக்கு முன் நேரான பகுதியிலேயே பிரேக்கை முடித்து, இரண்டாவது கியரில் நுழைந்து, பிரேக்கைத் தொடாமல் திரும்பி வெளியேற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒருநாள் கார் மிதக்கலாம். ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய் போல லேசாகும், அடியில் நீர் அறையும் சத்தம் கேட்கும், முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்காமலே எஞ்சின் சுற்று ஏறும். அப்போது காலை மெதுவாக எடுங்கள். பிரேக், கியர் இரண்டையும் தொடாதீர்கள். குரூஸ் கண்ட்ரோலை மழை தொடங்கும்போதே அணைத்திருக்க வேண்டும்; சக்கரம் நழுவும்போது அது வேகத்தைக் காக்க முயலும். முக்கியமாக, கார் திரும்பவில்லையே என்று ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்பக் கூடாது. மிதக்கும்போது திருப்பிய சக்கரம் ஒன்றும் செய்யாது. ஓரிரு நொடியில் நீர் முடிந்து டயர் தரையைத் தொட்டதும் பிடிப்பு ஒரே நேரத்தில் முழுதாகத் திரும்பும். சக்கரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் காரைத் தூக்கி எறியும். சாலை போகும் திசையில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் கார் அப்படியே தொடர்ந்து போகும்.